‘தி வெய்லிங்’ படத்துக்கு ஏன் அந்தப் பெயர்? அதில் அழுவது யார்?

மாடிவீட்டு மணி எழுதியது:

ஸ்பாய்லர் உண்டு. படம் பார்க்காதவர்கள் இப்போதே கிளம்பிவிடுங்கள்.

நா ஹொங்-ஜின் இயக்கிய ‘தி வெய்லிங்’ (2016) ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். 156 நிமிடம். நடுவில் போனைக் கையில் எடுக்கவே தோன்றவில்லை. கதை ஓரளவு பிடிபட்டது. மலை சூழ்ந்த ஒரு ஊர். உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பி, சொந்தக் குடும்பத்தையே வெட்டிச் சாய்க்கிறவர்கள். காட்டுக்குள் தனியாகக் குடியிருக்கும் ஜப்பானியர். வெள்ளை உடையில் திரியும் பெண். காசு வாங்கிக்கொண்டு பூசை போடும் இல்-க்வாங் என்ற சாமியாடி. இவர்களுக்கு நடுவே, மகள் ஹ்யோ-ஜினுக்கு என்ன ஆச்சு என்று தெரியாமல் தத்தளிக்கும் போலீஸ்காரர் ஜொங்-கு. யார் பிசாசு என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை, அதற்கு யூடியூபில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள்.

எனக்கு இடறுவது தலைப்புதான். ஆங்கிலத்தில் ‘ஓலம்’ என்று வைத்திருக்கிறார்கள். கொரிய மொழியில் ‘கொக்சொங்’. தேடிப் பார்த்தால் அது தென்கொரியாவில் உள்ள ஒரு ஊராம். அப்போ ஊர்ப் பெயருக்கும் ஓலத்துக்கும் என்ன சம்பந்தம்? சும்மா வெளிநாட்டு ரசிகர்களுக்காக மாற்றி வைத்த பெயரா? ஓலம்தான் என்றால், யாருடைய ஓலம்? ஜப்பானியர் அப்படி அழவில்லை, சாமியாடி அழவில்லை. பேய்ப் படத்துக்குப் ‘பேய்’ என்று வைப்பார்கள், வீட்டு நம்பரை வைப்பார்கள், ஊரை வைப்பார்கள். அழுகையை ஏன் வைக்க வேண்டும்?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூகுளில் கிடைப்பதையே திரும்ப ஒட்டாதீர்கள், அதை நானே படித்துவிட்டேன்.

ராத்திரி ரமணி எழுதியது:

இதுக்கெல்லாம் ஒரு இழையா மணி? ஊர் பேர் வெள்ளைக்காரனுக்கு வாயில நுழையாது, அதனால ‘தி வெய்லிங்’னு திகிலா ஒண்ணு வெச்சுட்டாங்க. கடைசி அரை மணி நேரம் அழுதது நான்தான், வேற யாரும் இல்ல.

க்வாங்ஜு வாசி எழுதியது:

ரமணி சொல்வதில் பாதிதான் சரி. மீதிக்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தென்கொரியாவின் க்வாங்ஜு நகரத்தில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறேன். கொக்சொங் எங்களுக்குப் பக்கம்தான், பஸ் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். தெற்கு ஜொல்லா மாகாணத்தில், சொம்ஜின் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன மாவட்டம். அதனால் இந்தப் படத்தின் பெயர் இங்கே எங்கள் ஆய்வகத்தில் மதியச் சாப்பாட்டுப் பேச்சாகவே பல தடவை வந்திருக்கிறது.

முதல் விஷயம்: ஆங்கிலத்தில் பெயரை மாற்றவில்லை. கொரியப் பெயரிலேயே இரண்டு சொற்கள் ஒளிந்திருக்கின்றன. கொரிய எழுத்து ஒலியை மட்டும் எழுதும். சீன எழுத்திலிருந்து வந்த சொற்கள் பல, ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும். ஊரின் பெயரைச் சீன எழுத்தில் எழுதினால் முதல் எழுத்துக்குப் பள்ளத்தாக்கு, இரண்டாவதுக்குக் கோட்டை என்று பொருள். படத்தின் பெயரைச் சீன எழுத்தில் எழுதினால் முதல் எழுத்து வாய்விட்டு அழுவது, இரண்டாவது சத்தம். காதில் விழுவது இரண்டும் ‘கொக்சொங்’தான். வெறும் கொரிய எழுத்தில் போட்டால் இங்கே யாருக்கும் முதலில் ஊர்தான் ஞாபகம் வரும்.

அதுதான் மாவட்ட நிர்வாகத்துக்குத் தலைவலி ஆனது. படம் 2016 மே மாதம் வெளியானது. கொக்சொங்கில் ரோஜாத் திருவிழா நடப்பதும் மே மாதம்தான். பழைய ரயில் நிலையத்தைச் சுற்றி ஒரு ரயில் கிராமம், பழைய நீராவி ரயில் மாதிரி ஒன்று ஆற்றோரமாகப் போகும், பக்கத்திலேயே ரோஜாப் பூங்கா. அதன் பெயரிலேயே 1004 என்ற எண் இருக்கிறது. 1004 என்பதைக் கொரிய மொழியில் உச்சரித்தால் ‘தேவதை’ என்ற சொல்லும் அதே ஒலிதான். இப்படி தேவதை எண் போட்டு ரோஜா வளர்த்து வைத்திருக்கும் ஊரில், பிசாசு குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொல்கிறது என்று ஊர்ப் பெயரிலேயே படம் வந்தால் அவர்கள் என்னதான் செய்வார்கள், பாவம். கடைசியில் போஸ்டரில் கொரியப் பெயருக்குப் பக்கத்தில் ‘அழுகைச் சத்தம்’ என்ற சீன எழுத்துகளையும் சேர்த்து அச்சடித்தார்கள். மாவட்டத் தலைவர் சண்டைக்குப் போகாமல், உள்ளூர்ப் பத்திரிகையில் கட்டுரை எழுதி, படம் பார்த்தவர்கள் ஊரையும் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். கெட்டிக்காரர்.

இதில் எனக்குப் பிடித்தது ஊர்க்காரர்கள் சொல்லும் ஒரு பழைய கதை. மலைப்பாதை அவ்வளவு மோசமாக இருந்ததால், சந்தை சந்தையாகச் சுமை தூக்கிப் போன வியாபாரிகள் அந்த வழியில் அழுதுகொண்டே நடந்தார்களாம். அதனால் ஒரு காலத்தில் இந்த ஊருக்கே ‘அழுகைச் சத்தம்’ என்று பொருள் தரும் எழுத்தில்தான் பெயர் இருந்ததாம். அப்புறம் அதே ஒலியில் ‘தானியக் கோட்டை’ என்று மாற்றினார்கள். தானியம் என்று பெயரிலேயே இருந்தால் வரி கூடப் போடுவார்களே என்று ஜனங்கள் முனக, பள்ளத்தாக்குக் கோட்டை ஆகிவிட்டது. வரலாற்றில் எவ்வளவு உண்மையோ, ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை இது. இயக்குநர் புதிதாக எதையும் ஒட்டவில்லை, ஊர்ப் பெயருக்கு அடியில் ஏற்கெனவே கிடந்ததைத் தோண்டி எடுத்திருக்கிறார்.

சரி, மணியின் கேள்விக்கு வருகிறேன். அழுவது யார்?

‘கொக்’ என்பது சாதாரண அழுகை இல்லை. சாவு வீட்டில் முறைப்படி சத்தமாக அழுவது. பிள்ளைகள் ‘ஐகோ, ஐகோ’ என்று அழ வேண்டும், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ‘ஒய், ஒய்’ என்று. (ஐகோவுக்கும் நம் ஐயோவுக்கும் முடிச்சுப் போட்டு ஆராய்ச்சி செய்யும் கோஷ்டி தயவுசெய்து வேறு இழைக்குப் போகவும்.) நம் ஊர் ஒப்பாரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒப்பாரியில் பாட்டு உண்டு, செத்தவரின் பெருமை உண்டு, நாத்தனாரைக் குத்திக்காட்டும் வரிகூட உண்டு. கொக்கில் சொல்லே கிடையாது, வெறும் சத்தம். ஜொசொன் மன்னர் பரம்பரை ஆண்ட காலத்தில் பெரிய வீட்டுச் சாவுகளில் அந்தச் சத்தம் அறுந்துவிடக் கூடாது என்று, அழுவதற்கென்றே வேலைக்காரப் பெண்களை வைத்திருந்தார்கள். இப்போது சாவு பெரும்பாலும் ஆஸ்பத்திரியோடு ஒட்டிய துக்க மண்டபத்தில் நடக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு தோழியின் தாத்தா தவறியபோது போயிருந்தேன். கறுப்பு உடை, காரமான மாட்டிறைச்சி சூப், மெதுவான பேச்சு. கொக் கேட்கவில்லை.

அதே தோழிதான் எனக்கு அந்த இரண்டு சீன எழுத்தையும் ஒரு காபிக் கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். ‘அழுகை’ எழுத்தில் மேலே இரண்டு சதுரம், இரண்டும் வாய். கீழே இருப்பது நாய். ‘சத்தம்’ எழுத்தில் நிறைய கோடு, அதன் அடியில் இருப்பது காது. வாய், வாய், நாய், காது. கண் எங்கேயும் இல்லை. அவர் சும்மா எழுத்து சொல்லிக் கொடுத்தார். எனக்குத்தான் படம் அப்படியே தலைகீழாகப் புரண்டது.

படத்தை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஜொங்-கு எதை எதையெல்லாம் பார்த்து முடிவெடுக்கிறார்? ஜப்பானியர் வீட்டில் கிடைத்த மகளின் செருப்பு. சுவர் நிறைய ஒட்டியிருக்கும் செத்தவர்களின் புகைப்படங்கள். கடைசிச் சந்தில் தரையில் கிடக்கும் மகளின் கொண்டை ஊசி. அந்த வெள்ளை உடைப் பெண் போட்டிருக்கும் மேல்சட்டை, அது செத்துப்போன ஒருத்தியுடையது. எல்லாம் கண்ணுக்கு எதிரே வைத்த சாட்சிகள், போலீஸ்காரருக்குப் பழக்கமான சாட்சிகள். ஒவ்வொன்றும் அவரைக் கிணற்றுப் பக்கம்தான் தள்ளிக்கொண்டு போகிறது.

படத்தில் கேமரா யார் கையில் இருக்கிறது என்றும் கவனியுங்கள். ஜப்பானியரிடம், கடைசியில் இல்-க்வாங்கிடம். குடும்பமே ரத்தத்தில் கிடக்கும் வீட்டுக்குள் வந்து சாவகாசமாகப் படம் எடுக்கிறார் அந்தச் சாமியாடி. பார்ப்பதும் பார்த்ததைச் சேர்த்து வைப்பதும் பிசாசின் பக்கத்து வேலை.

எதிர்ப்பக்கம் என்ன கொடுக்கப்படுகிறது? ஒரு சத்தம். சேவல் மூன்று தடவை கூவும் வரை வீட்டுக்குப் போகாதே என்கிறாள் வெள்ளை உடைக்காரி. அவ்வளவுதான், எதையும் பார்க்க வேண்டாம், நின்று கேட்டால் போதும். முதல் கூவல் வருகிறது, இரண்டாவது வருகிறது, அதற்குள் கண்ணில் கொண்டை ஊசி பட்டுவிடுகிறது. மூன்றாவதற்குக் காத்திருக்காமல் ஓடுகிறார்.

என்னைக் கேட்டால் தலைப்பு சொல்வது இதைத்தான். யார் அழுகிறார்கள் என்பதைவிட, சத்தம் யார் காதில் விழுந்தது என்பதுதான் அங்கே கேள்வி. ‘தி வெய்லிங்’ என்ற ஆங்கிலப் பெயரில் அழுகை வந்துவிட்டது, காது விடுபட்டுவிட்டது.

ஜெபா எழுதியது:

க்வாங்ஜு அண்ணா, இதைப் படித்ததும் எழுந்து போய் வேதாகமத்தை எடுத்துவிட்டேன். படம் ஆரம்பிப்பதே லூக்கா 24ஆம் அதிகாரத்து வசனத்தோடுதான், 37 முதல் 39 வரை. உயிர்த்தெழுந்த இயேசுவைச் சீஷர்கள் ஆவி என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அவர், ஏன் சந்தேகப்படுகிறீர்கள், என் கைகளையும் கால்களையும் பாருங்கள், தொட்டுப் பாருங்கள் என்கிறார். கடைசியில் குகைக்குள் அந்த உதவிக் குருவானவரிடம் ஜப்பானியர் அதே வசனத்தைச் சொல்லி, ஆணி அடித்த தழும்போடு உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறார். அப்புறம் அவரும் கேமராவை எடுக்கிறார்! நீங்கள் சொன்ன பிறகுதான் அந்த கிளிக் சத்தம் ஞாபகம் வந்தது.

இன்னொரு இடமும் இருக்கிறது. ஜொங்-கு கோவிலுக்குப் போய்க் குருவானவரிடம் முறையிடும்போது, நேரில் பார்க்காமல் எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்கிற மாதிரிதான் அவர் கேட்பார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று அனுப்பிவிடுவார். அவருக்கும் கண்தான் சாட்சி.

இதற்கு நேர் எதிராக ரோமர் 10:17 இருக்கிறது. ‘விசுவாசம் கேள்வியினாலே வரும்.’ (இங்கே கேள்வி என்றால் காதால் கேட்பது.) ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம், இந்தப் படத்துக்கு இவ்வளவு பொருந்தும் என்று நினைத்ததே இல்லை. இயக்குநர் அதை மனதில் வைத்தாரா என்று எனக்குத் தெரியாது, என் மனதில் வந்தது.

சேவல் கூவுவது பேதுருவின் கதை என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆனால் அங்கே சேவல் கூவுவதற்கு முன்னே, சீஷரான பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலிப்பார், கூவியதும் வெளியே போய் மனங்கசந்து அழுவார். கவனித்தீர்களா, அங்கேயும் சேவல் கூவியதும் வருவது அழுகைதான். ஜொங்-குவுக்கு அந்த நேரம்கூடக் கிடைக்கவில்லை.

தொடரும் போடு எழுதியது:

எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் க்வாங்ஜு வாசி தனக்குச் சாதகமான காட்சிகளை மட்டும் பொறுக்கி எடுக்கிறார். அந்த ஊரே கெட்டது எதனால்? காதால்தான். ஜப்பானியரைப் பற்றி யாரும் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. அவன் மானைப் பச்சையாகத் தின்றானாம், அவன் வந்த பிறகுதான் சாவு ஆரம்பித்ததாம், ஊரில் ஒரு பெண்ணை அவன்தான் கெடுத்தானாம். எல்லாம் ‘னாம்’. போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து சக போலீஸ்காரர் சொன்ன வதந்தியைக் கேட்டதிலிருந்துதான் ஜொங்-குவுக்குப் பித்துப் பிடிக்கிறது. 1910 முதல் 1945 வரை ஜப்பான் கொரியாவை ஆண்ட கசப்பும் அதில் சேர்ந்துகொள்கிறது. காதை நம்பச் சொல்கிற படம் இதை எதற்குக் காட்ட வேண்டும்?

அடுத்தது பூசைக் காட்சி. இல்-க்வாங் மேளதாளத்தோடு ஆடி, மரக்கம்பத்தில் ஆணி அடிக்கிறார். உள்ளே ஹ்யோ-ஜின் அலறுகிறாள். ஜொங்-குவுக்குக் கேட்கிறது, தாங்க முடியாமல் பூசையைக் கலைத்துவிடுகிறார். அந்த அலறல் பெண்ணுடையதா, அவளுக்குள் புகுந்ததுடையதா? பேய் அலறியதென்றால், காதை நம்பிப் பூசையை நிறுத்தியதுதானே அவர் செய்த பெரிய தப்பு? அந்தப் பெண் சாதாரணமாக இருக்கும்போதே அப்பனைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிற குரல் எது என்று நமக்கே தெரியாது. குரலை எப்படி நம்புவது?

என் கணக்கில் தலைப்பு இன்னும் எளிமையானது. ஊர் முழுக்கச் சாவு, அதனால் ஊர் முழுக்க ஓலம். ஊருக்கும் ஓலத்துக்கும் ஒரே பெயர் கிடைத்ததும் இயக்குநர் விடவில்லை. அதற்கு மேல் தோண்ட வேண்டியதில்லை.

க்வாங்ஜு வாசி எழுதியது:

ஜெபா, குகைக் காட்சியில் கேமராவை நான் எழுதாமல் வைத்திருந்தேன், யாராவது பிடிக்கிறார்களா என்று பார்க்க. ரோமர் வசனம் எனக்குப் புதுசு. இந்த இழையில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அது.

தொடரும் போடு, வதந்தியைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் கேள்விப்படுவது வேறு, கேட்பது வேறு. அந்த ஊர் முழுக்கக் கேள்விப்படுகிறது. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொல்ல, சொல்லச் சொல்ல அதுவே படமாக வளர்கிறது. மான் கதையைச் சொல்லும்போது இயக்குநர் என்ன செய்கிறார் பாருங்கள். சிவந்த கண்ணோடு, கோவணத்தோடு அந்த ஆள் காட்டில் நாலு காலில் குனிந்து தின்பதை நமக்கே காட்டிவிடுகிறார். வதந்தி காதில் நுழைந்தாலும் தங்குவது கண்ணில்தான். நாமும் அதைப் ‘பார்த்துவிட்டோம்’ என்று நம்பிக்கொண்டு மீதிப் படத்தைப் பார்க்கிறோம்.

கடைசிச் சந்திலும் பேச்சுக்குப் பஞ்சமில்லை. போனில் இல்-க்வாங் ஒன்று சொல்கிறார், எதிரே நிற்கும் பெண் வேறொன்று சொல்கிறாள், இரண்டும் சொற்கள். யார் சொல்வது மெய் என்று ஜொங்-குவால் கண்டுபிடிக்க முடியாது, நம்மாலும் முடியாது, அதனால்தான் யூடியூபில் அத்தனை வீடியோ. சொல் இல்லாமல் வருவது சேவல் கூவல் மட்டும்தான். கொக்கிலும் சொல் இல்லை என்று மேலே எழுதினேனே, அதை இந்த இடத்துக்குத்தான் எழுதினேன்.

இனி பூசை. இதில் நீங்கள் ஏமாந்த இடம் எல்லோரும் ஏமாந்த இடம், படத்தொகுப்பு அப்படி. இல்-க்வாங் ஆணி அடிக்கிறார், அந்தப் பக்கம் ஜப்பானியர் வலியில் துடிக்கிறார். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினால் ஆணி ஜப்பானியர் மேல்தான் இறங்குகிறது என்று தோன்றத்தானே செய்யும். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஹ்யோ-ஜினும் துடிக்கிறாள். இல்-க்வாங் யார் பக்கம் என்பதற்குப் படம் தடயம் விட்டிருக்கிறது. உடை மாற்றும்போது அவர் உள்ளே கட்டியிருப்பது ஜப்பானியப் பாணிக் கோவணம், காட்டில் அந்த ஆள் கட்டியிருந்தது மாதிரியே. கடைசியில் அவர் கையிலிருந்து பெட்டி கீழே விழ, உள்ளேயிருந்து சிதறுவது செத்தவர்களின் புகைப்படங்கள். இரண்டு பேரும் ஒரே கடை. அப்படியென்றால் அன்றைக்கு ஆணி யார் மேல் அடிக்கப்பட்டது? பெண் மேல். அவளுக்குள் எது இருந்து கத்தினாலும் வலி அந்த உடம்புக்குத்தான். நிறுத்து என்று அவள் அலறியதைக் கேட்டு ஜொங்-கு உள்ளே பாய்ந்தாரே, இந்த 156 நிமிடத்தில் அவர் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது. அவர் கலைத்திராவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

ஆக, காது அவருக்கு ஒரு தடவை உதவியிருக்கிறது. அடுத்த தடவை, அதே காதை நம்பி நிற்கச் சொன்னால் நிற்க முடியவில்லை. எனக்கு அதில் அவர் மேல் கோபமே வரவில்லை. மகள் இருக்கும் வீடு நாலு எட்டில் இருக்கும்போது எந்த அப்பன் சந்தில் நின்று சேவலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பான்? கடைசியில் ரத்தம் வழிய உட்கார்ந்துகொண்டு, ஒண்ணுமில்ல, அப்பா போலீஸ்காரன், எல்லாத்தையும் அப்பா பார்த்துக்கறேன் என்று மகளிடம் முனகுகிறார் பாருங்கள். முதல் காட்சியில் கொலை நடந்த வீட்டுக்குப் போகும் முன் சாப்பிட்டுவிட்டுப் போ என்று மாமியார் சொல்ல, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பின ஆள் அவர். க்வாக் தோ-வொன் நடித்ததிலேயே எனக்குப் பிடித்த வேடம். (அந்த ஆண்டு கொரியாவின் ‘நீல டிராகன்’ விருதில் துணை நடிகர் பரிசு ஜப்பானியராக நடித்த ஜுன் குனிமுராவுக்குப் போனது. அந்த விருதை வாங்கிய முதல் வெளிநாட்டு நடிகர். தகுதியான ஆள்தான், முகத்தில் ஒரு தசைகூட அசையாமல் பயமுறுத்துவார்.)

உங்கள் எளிய கணக்கு, ஊர் முழுக்கச் சாவு அதனால் ஓலம் என்பது, தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு வெறும் ‘அழுகை’ என்று வைத்திருக்கலாம். ‘சத்தம்’ எழுத்தை ஏன் சேர்க்க வேண்டும்? ஊர்ப் பெயருக்குப் பொருந்துவதற்காக என்பீர்கள். இருக்கட்டும். பொருந்தியதும் அவர் அதை வீணாக்கவில்லை என்கிறேன் நான்.

தொடரும் போடு எழுதியது:

கோவணத் தடயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வெள்ளை உடைக்காரி நல்லவள் என்று நீங்கள் எடுத்துக்கொண்டே பேசுகிறீர்கள். படத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நடிகர் பட்டியலில் ‘பெயர் இல்லாதவள்’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். செத்தவளின் சட்டையை அவள் ஏன் போட்டிருக்கிறாள்? இதற்குப் பதில் இல்லாதவரை உங்கள் சேவலும் சந்தேகம்தான்.

க்வாங்ஜு வாசி எழுதியது:

சட்டைக்கு என்னிடம் பதில் இல்லை. ஊர்க் காவல் தெய்வம், செத்தவர்களின் பொருளைத் தன் மேல் சுமக்கிறது என்று இங்கே சிலர் சொல்வார்கள். எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை. அவளை நம்புவதற்குக் கண்ணுக்குத் தெரியும் காரணம் ஒன்றைக்கூட இயக்குநர் கொடுக்கவில்லை, வேண்டுமென்றே.

மாடிவீட்டு மணி எழுதியது:

நான் கேட்டது ஒரு பெயர், கிடைத்தது ஒரு திருவிழா. எல்லோருக்கும் நன்றி. வாரக்கடைசியில் மறுபடி பார்க்கப் போகிறேன், இந்தத் தடவை ஹெட்போன் போட்டுக்கொண்டு. க்வாங்ஜு அண்ணே, ஒரு சின்னச் சந்தேகம். இப்போது அந்த ஊருக்கு டிக்கெட் எடுக்கும்போது கவுன்டரில் ‘கொக்சொங்’ என்றால் சிரிக்க மாட்டார்களா?

க்வாங்ஜு வாசி எழுதியது:

யாரும் சிரிப்பதில்லை. தலைநகர் சியோலின் யோங்சான் நிலையத்திலிருந்து யொசு போகும் ஜொல்லா பாதை ரயில் கொக்சொங்கில் நிற்கும், க்வாங்ஜுவிலிருந்து என்றால் பஸ்தான் வசதி. மே மாதம் வருவதானால் திருவிழாச் சனி ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள், ரயில் கிராமத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. நாங்கள் ஆய்வக ஆட்களோடு போனபோது ரோஜாவைவிட ஐஸ்கிரீம் வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம். உள்ளூர்க் கடைக்காரர் ஒருவரிடம் படத்தைப் பற்றிக் கேட்டேன். அதற்குப் பிறகு காளான் விற்பது கொஞ்ச நாள் கஷ்டமாக இருந்தது என்றார். படத்தில் அந்தக் கொலைகளுக்கெல்லாம் காட்டுக் காளான்தான் காரணம் என்று செய்தியில் சொல்வார்களே, அதனால். சீரியஸாகச் சொன்னாரா, என்னை ஓட்டினாரா என்று தெரியவில்லை. ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தேன்.